இழுத்தும் திறக்காத பானெட்

பானெட் திறக்க மறுத்தால் எல்லோரும் முதலில் காரின் முன்னால் போய் நின்று அதைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கோளாறு எங்கே என்ற துப்பு பெரும்பாலும் உள்ளே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன லிவரில்தான் இருக்கிறது. அதை இழுக்கும்போது கைக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்தே பாதி வேலையை முடிவு செய்துவிடலாம்.

லிவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால், லிவரையும் முன்னால் இருக்கும் லாக்கையும் இணைக்கும் கேபிள் அறுந்திருக்கலாம். அதன் இரண்டு முனைகளில் ஒன்று கழன்றிருக்கலாம். அல்லது கேபிளின் வெளிக்குழாய் தன் பிடிமானத்தை விட்டு நழுவியிருக்கலாம். லிவர் அசையவே மறுத்தால், கேபிள் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, இல்லையென்றால் முன்னால் இருக்கும் லாக் இறுகியிருக்கிறது. வழக்கம்போல் இழுபட்டு, முன்னால் ‘டக்’ சத்தமும் கேட்டு, அப்படியும் பானெட் எழும்பவில்லை என்றால் கேபிள் மேல் பழி போட வேண்டாம். லாக் விட்டுவிட்டது, ஆனால் பானெட்டை மேலே தள்ளும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது ஓரத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுத்துப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டது. இந்தக் கடைசி வகைதான் சுலபம். ஒருவர் லிவரை இழுத்துப் பிடித்திருக்க, இன்னொருவர் முன்விளிம்பில் விரல் கொடுத்து மெதுவாகத் தூக்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

எனக்கு வாய்த்தது முதல் இரண்டின் கலவை. 2010 மாடல் சின்ன ஹேட்ச்பேக், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், திருவான்மியூரில், கூரை இல்லாத இடத்தில் நிற்கும் கார். உப்புக்காற்று என்ன செய்யும் என்று அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல மாதங்களாக லிவர் கனமாகிக்கொண்டே வந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் ஆயிலும் கூலன்ட்டும் பார்த்துவிடலாம் என்று இழுத்தபோது, டேஷ்போர்டுக்குக் கீழே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. அதன் பிறகு லிவர் உயிரில்லாமல் தொங்கியது. பானெட் அசையவில்லை.

டார்ச்சோடு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது வயது முதுகுக்கு உகந்த ஆசனம் அல்ல. இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, கதவு வழியாகக் காலை வெளியே நீட்டிக்கொண்டால் தாங்கலாம். லிவரை இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் பிடித்திருந்தன. அவற்றைக் கழற்றியதும் லிவர் கைக்கு வந்தது. உள் ஒயர் அறுந்திருக்கவில்லை. அதன் நுனியில் இருக்கும் உலோகக் குண்டு லிவரின் குழியில் பத்திரமாகவே உட்கார்ந்திருந்தது. உடைந்திருந்தது வெளிக்குழாயின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் தொப்பி.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பானெட் கேபிள் அமைப்பு சைக்கிள் பிரேக் கேபிளைப் போன்றதேதான். உள்ளே பல இழைகள் முறுக்கிய எஃகு ஒயர், வெளியே சுருள் கம்பியால் ஆன குழாய், அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை. வெளிக்குழாயின் இரண்டு முனைகளும் ஆடாமல் நின்றால்தான் உள் ஒயர் அதற்குள் வழுக்கிப் போகும். ஒரு முனை விட்டுப்போனால், நாம் இழுக்கும் இழுப்பெல்லாம் குழாயை வளைப்பதிலேயே செலவாகிவிடும். லாக் வரை ஒன்றும் போய்ச் சேராது. ஒயர் நல்லபடியாக இருந்தும் லிவர் தொளதொளத்துப் போன ரகசியம் இதுதான்.

சரி, குழாயை நாமே பிடித்துக்கொண்டால் போயிற்று. நோஸ் பிளேயரால் வெளிக்குழாயின் முனையைப் பிடித்து, கடித்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் பிளேயரான வைஸ் கிரிப்பை உள் ஒயரின் குண்டுக்குப் பின்னால் கடிக்கவைத்து இரண்டையும் எதிரெதிராக இழுத்தேன். ஒயர் கொஞ்சம் நகர்ந்தது, அப்புறம் நின்றது. முன்னாலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. அப்படியானால் தொப்பி தானாக உடையவில்லை. அதற்கு முன்னால் வேறெங்கோ ஏதோ இறுகியிருந்ததால், நான் இழுத்த பலம் முழுவதும் அதன் மேல் விழுந்து அதை உடைத்திருக்கிறது.

வழக்கமாக என் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் வெளியூரில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது: “சார், சும்மா இழுத்துட்டே இருக்காதீங்க. ஒயர் அறுந்துச்சுன்னா இருக்கிற ஒரு வழியும் போயிடும். பானெட்டை மேலேருந்து அமுக்கச் சொல்லுங்க, அமுக்கி இருக்கிறப்ப இழுங்க.”

தூக்க வேண்டிய பானெட்டை ஏன் அமுக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். பானெட்டின் அடியில் U வடிவக் கம்பி ஒன்று இருக்கிறது. மூடும்போது அது லாக்குக்குள் இறங்க, ஒரு கொக்கி அதைக் கவ்விக்கொள்கிறது. அந்தக் கொக்கியைத் திரும்பவிடாமல் இன்னொரு சின்ன நாக்கு தடுத்து நிற்கிறது. கேபிள் இழுப்பது அந்த நாக்கைத்தான். மூடியிருக்கும் பானெட்டை ரப்பர் பஃபர்களும் ஸ்பிரிங்கும் எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதனால் கொக்கி நாக்கை நெருக்கிக்கொண்டே இருக்கிறது. துரு சேர்ந்த லாக்கில் இந்த உராய்வைத் தாண்டி நாக்கை இழுப்பது கஷ்டம். மேலிருந்து அமுக்கினால் அந்த நெருக்கம் ஒரு கணம் விலகும். அந்தக் கணத்தில் இழுத்தால் நாக்கு நழுவிவிடும்.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகளை முன்னால் நிற்கவைத்தேன். அமுக்க வேண்டிய இடம் முன்விளிம்பின் நடுப்பகுதி, லாக்குக்கு நேர் மேலே. அங்கே அடியில் வலுவான சட்டம் இருக்கிறது. அதைவிட்டுத் தகட்டின் நடுவில் அமுக்கினால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட தகடு குழிந்துவிடும், டிங்கரிங் செலவு தனி. இரண்டு உள்ளங்கைகளாலும் விட்டுவிட்டு அமுக்கச் சொல்லி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் நான் உள்ளே இழுத்தேன். திறக்கவில்லை. கிரில் இடுக்கு வழியாக துருவை இளக்கும் டபிள்யூ.டி-40 ஸ்ப்ரே டப்பாவின் நீளமான சிவப்புக் குழாயை விட்டு லாக் இருக்கும் பக்கமாக அடித்துவிட்டு, அது ஊறட்டும் என்று மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பி வந்து மறுபடி இழுத்தபோது வைஸ் கிரிப்புக்குப் பக்கத்தில் ஒயரின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க ஆரம்பித்தன. அத்தோடு கேபிள் வழியை நிறுத்திவிட்டேன்.

இந்த இடத்தில்தான் பலர் கடப்பாரையை நினைக்கிறார்கள். ஒரு சர்வீஸ் சென்டரில் போனில் கேட்டதற்கு, “கிரில் உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல சார், பம்பருக்கும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுடறோம்” என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது: என் காரில் கிரில்லின் மேல் ஸ்க்ரூக்களும் பம்பரின் மேல் கிளிப்புகளும் பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். இப்படி வடிவமைத்தவரை என்றாவது சந்தித்தால் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

நான் செய்ததில் மிகவும் உபயோகப்பட்டது ஒரு ஸ்பேனர் கூடப் பிடிக்காத வேலை. எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருப்பவரிடம் இதே மாடல் கார் இருக்கிறது. அவரிடம் கேட்டு அவருடைய பானெட்டைத் திறந்து, லாக்கை நேராகவும் பக்கவாட்டிலும் கீழிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டேன். கிரில்லில் உள்ள நடு முத்திரையிலிருந்து லாக்கின் நாக்கு எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தேன். அவரை லிவரை இழுக்கச் சொல்லிவிட்டு, நாக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தேன். கேபிள் எந்தப் பக்கமாக வெளியேறுகிறதோ, நாக்கும் அந்தப் பக்கம்தான் நகரும். எங்கள் காரில் அது ஓட்டுநர் பக்கம். இது தெரியாமல் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் குத்திக்கொண்டிருந்தால் பொழுது சாயும் வரை குத்திக்கொண்டிருக்கலாம். அதே மாடல் பக்கத்தில் கிடைக்காவிட்டால், பழைய கார் விற்கும் இடத்தில் கேட்டால்கூடத் திறந்து காட்டுவார்கள்.

அடுத்து கீழிருந்து போகும் வழி. இதில் அவசரப்படக் கூடாது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சினை நிறுத்திய பிறகும் சூட்டைப் பொறுத்துத் தானாகச் சுற்றும். வேறு வேலை என்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கை வைக்கலாம். இங்கே பேட்டரியே பூட்டிய பானெட்டுக்குள் இருக்கிறது. அதனால் காலையில், கார் குளிர்ந்திருக்கும்போது, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டு வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் தெருமுனை பஞ்சர் கடையில் வாடகைக்காவது வாங்கிக்கொள்ளலாம்.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவர் சில ஸ்க்ரூக்களிலும் கிளிப்புகளிலும் நின்றது. அதை இறக்கியதும் மேலே பார்க்க வழி கிடைத்தது: பின்னால் ரேடியேட்டர், அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் முன்னால் பம்பரின் இரும்புச் சட்டம். சட்டத்துக்கும் கண்டென்சருக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகத்தான் லாக்குக்குப் போக வேண்டும். கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனி அதன் குழாயைத் துளைத்துவிட்டால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கேஸ் போய்விடும், ஏசி காலி. ஒரு தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி, கண்டென்சருக்கு முன்னால் கீழிருந்து செருகி நிறுத்தினேன். அட்டை செருகியதும் பயம் போய்க் கை நிதானமாகிறது என்பது தனி லாபம்.

என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, நகருங்க, என் கை போகும்” என்றாள். போனது. ஆனால் லாக்கின் நாக்கை விரலால் தள்ளும் அளவுக்கு அங்கே பலம் கொடுக்க முடியாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவள் ஒரு கையால் டார்ச்சைக் கிரில் வழியாகக் காட்டியபடி, நுனி எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீழிருந்து நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரை மேலே ஏற்றினேன். “இன்னும் கொஞ்சம் மேல... இல்லப்பா, அது கேபிள். வலது பக்கம் வாங்க.” நுனி நாக்கின் விளிம்பில் மாட்டியதும், அவளைப் பானெட்டை அமுக்கச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை பம்பர் சட்டத்தின் மேல் சாய்த்து நெம்பியதும் லாக் ‘டடக்’ என்று விட்டது, பானெட் ஒரு விரற்கடை எழும்பி நின்றது.

அது முழுத் திறப்பு இல்லை. ஓடும்போது லாக் விட்டுப்போய்ப் பானெட் கண்ணாடியில் வந்து அறையாமல் இருக்க, இரண்டாவது கொக்கி ஒன்று உண்டு. அதை நாம் முன்னாலிருந்து விரல் விட்டு விலக்க வேண்டும். அதுவும் துருவால் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது, எண்ணெய் காட்டியதும் இளகியது. பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தியவுடன் செய்த முதல் காரியம், பழைய பனியனைக் கிழித்து அந்த U கம்பியில் கட்டியது. வேலை நடக்கும்போது யாராவது உதவி செய்வதாக நினைத்துப் பானெட்டைச் சாத்திவிட்டால் எல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

திறந்த பிறகு பார்த்தால் கதை தெளிவாக இருந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கேபிள் திரும்பும் வளைவில் பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக மழைத்தண்ணீரும் உப்பும் இறங்கி, குழாய்க்குள் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்தக் குறுகலான குழாய்க்குள் அதற்கு வேறு போக்கிடம் இல்லை, ஒயரைக் கவ்விக்கொண்டது. லாக்கிலோ பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து கெட்டிச் சேறு. லாக் விடாமல் மக்கர் செய்ததும் கேபிள் இறுகியதும் தனித்தனிக் கோளாறுகள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் அடுத்தது சீக்கிரமே அதைக் கெடுத்துவிடும்.

கேபிளை அண்ணா சாலைப் பக்கம் ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். 300 ரூபாய்க்குள் முடிந்தது. புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும்தான், ஆனால் பழைய பானெட் கேபிள் வாங்குவதில் அர்த்தமில்லை. அதுவும் இன்னொரு காரில் இத்தனை வருஷம் மழை குடித்ததுதான். பழைய கேபிளைக் கையோடு எடுத்துப் போய் நீளத்தையும் இரண்டு முனைகளின் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் முனை மாறியிருக்கலாம்.

பழையதை உருவும் முன், எஞ்சின் பக்கத்து முனையில் ஒரு நீளமான நைலான் கயிற்றைக் கட்டி, டேப் சுற்றி, பிறகு உள்ளே இருந்து இழுத்தேன். கேபிள் வெளியே வர, அது போன பாதையிலேயே கயிறு தங்கிவிடும். புதுக் கேபிளை அதே கயிற்றில் கட்டி மறுபடி இழுத்தால் மட்கார்டு ஓரமாக, ஒயர்க் கட்டுகளுக்குப் பின்னால், சரியான வழியில் போய்ச் சேரும். கயிறு கட்டாமல் உருவிவிட்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையைக் கையால் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஓட்டையில் கேபிளைச் சுற்றி அடைத்திருக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டைத் திரும்பச் சரியாக உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கால் மிதியடி நனையும். வளைவுகளில் கேபிளை இறுக்கி மடக்காமல் தாராளமாக விட்டு, பழைய கிளிப்புகள் உடைந்த இடத்தில் கேபிள் டை போட்டேன்.

லாக்கைக் கழற்றும் முன் அதன் போல்ட்டுகளைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்வது கட்டாயம். போல்ட் ஓட்டைகள் நீள்வட்டமாக, லாக்கை மேலே கீழே நகர்த்தும்படி இருக்கின்றன. குறி இல்லாமல் திரும்ப மாட்டினால் பானெட் ஒன்று தூக்கி நிற்கும், அல்லது மூடாது. லாக்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்ததில் சாக்கடை நிறத்தில் வண்டல் இறங்கியது. காயவிட்டு, கொக்கியும் நாக்கும் சுழலும் இடங்களில் வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். டபிள்யூ.டி-40-ஐயே அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று விடுபவர்கள் உண்டு. அது தண்ணீரை விரட்டும், துருவை இளக்கும், ஆனால் நாள்பட நிற்காது. கிரீஸ் வைத்தே ஆக வேண்டும். அதுவும் அளவாக வைக்க வேண்டும். அள்ளி அப்பினால் மறுபடி மணல் சேரும்.

கேபிளை மாட்டியபின் லாக் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு விட்டேன். முறுக்காக வைத்தால் நாக்கு முழுக்க உட்காராமல் பாதியில் நிற்கும், பானெட் ஓடும்போது விட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பானெட்டை மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, இதைத் தவிர்க்கவே கூடாது. பானெட் திறந்திருக்கும்போதே ஸ்க்ரூ டிரைவர் தண்டை லாக்கின் வாய்க்குள் மேலிருந்து அழுத்தினால், U கம்பி வந்துவிட்டது என்று நினைத்து லாக் கவ்விக்கொள்ளும். இப்போது உள்ளே போய் லிவரை இழுத்தால் அது விட வேண்டும். மகளை லாக் பக்கம் நிற்கவைத்து, நாக்கு முழுதாக விலகுகிறதா, கையை எடுத்ததும் திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொல்லிப் பலமுறை செய்தோம். இரண்டாவது கொக்கியையும் அப்படியே கையால் ஆட்டிப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் பனியன் துணியை அவிழ்த்தேன்.

மூடியதில் முன்விளிம்பு ஒரு பக்கம் சற்றே தூக்கியிருந்தது. முன் மூலைகளில் இருக்கும் ரப்பர் பஃபர்கள் திருகு போலச் சுழலும். அந்தப் பக்கத்துப் பஃபரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகியதும் ஹெட்லைட்டோடு சமமானது. பஃபர் அதிகம் உயர்ந்திருந்தால் லாக்கின் மேல் எப்போதும் பாரம் இருக்கும், லிவர் கனக்கும். இன்னொன்று, பானெட்டை மூடும்போது மேலே ஏறி அமுக்க வேண்டியதில்லை. ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்திலிருந்து கையை விட்டால் அதன் எடையிலேயே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டவில்லை என்றால் லாக்கில் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஓர் அவசர வழியும் வைத்தேன். லாக்கின் நாக்கில் மெல்லிய எஃகு ஒயர் ஒன்றைக் கோத்து, நாக்கின் அசைவைத் தடுக்காதபடி தளர்வாகக் கீழே இறக்கி, அடிக்கவருக்குப் பின்னால் மடித்துக் கட்டியிருக்கிறேன். கேபிள் அறுந்தாலும் கவரின் சில ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை இழுத்தால் பானெட் திறந்துவிடும். மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு, “பேட்டரித் திருடனுக்கும் சேர்த்து வழி வெச்சிருக்கீங்க சார்” என்று சிரித்தார். அவர் சொல்வது உண்மைதான். அதனால்தான் நுனி வெளியே எட்டிப் பார்க்காதபடி, கவரைக் கழற்றாமல் கைக்கு அகப்படாதபடி வைத்தேன். தெருவோரம் வண்டி நிறுத்துபவர்கள் இதைச் செய்யலாமா வேண்டாமா என்று அவரவர் தெருவைப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

மூன்றாவது மாடிக்காரர் இப்போது தன் லிவரையும் வந்து பார்க்கச் சொன்னார். கனமாகத்தான் இருக்கிறது, ஹெட்லைட்டுக்குப் பின்னால் அதே வளைவில் உறையும் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஜி.பி. ரோட்டுக்குப் போகும்போது அவருக்கும் ஒரு கேபிள் வாங்க வேண்டும். பானெட் திறக்கும்போதே மாற்றினால் இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.